பாரிஸ் கல்லச்சில் நின்ற பெண்

ஆற்றங்கரையில் அந்நியர் – வரலாற்றுத் தொடர்: பகுதி 17

சென்ற பகுதியை அடையாற்று முகத்துவாரத்தில், 1746 அக்டோபர் 24ஆம் தேதி நடந்த சண்டையோடு நிறுத்தினோம். ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீனின் மகன் மாபூஸ் கான் சுமார் பத்தாயிரம் பேரோடு கரையில் காத்திருந்தார். எதிரே வந்த பாரடிஸின் பிரெஞ்சுப் படையோ ஏறக்குறைய ஆயிரம் பேர். அவர்கள் ஆற்றில் இறங்கிக் கடந்தார்கள், சுட்டார்கள், நவாப்பின் படை சாந்தோம் தெருக்கள் வழியாகச் சிதறி ஓடியது.

அதன் பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த சென்னை 1749இல் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிற்று. 1761இல் புதுச்சேரி விழுந்தது. வென்றவர்கள் அந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு அது பலமுறை கைமாறி, நெப்போலியன் போர்களெல்லாம் ஓய்ந்து, 1816 டிசம்பரில்தான் பிரெஞ்சுக்காரர்களுக்கு மீண்டும் கிடைத்தது. அதுவும் கடுமையான நிபந்தனையோடு: கோட்டை கட்டக் கூடாது, ஊர்க்காவலுக்கு வேண்டியதற்கு மேல் சிப்பாய்களை வைத்துக்கொள்ளக் கூடாது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்தர்நாகூர் என்று ஐந்து சிறு துண்டுகள் மிஞ்சின. துணைக்கண்டத்தை ஆளலாம் என்று பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கண்ட கனவு அத்தோடு முடிந்தது.

ஆள முடியாமல் போன நாட்டைப் பார்க்கும் ஆசை மட்டும் பாரிஸில் வளர்ந்துகொண்டே போனது. இந்தப் பகுதி அந்த ஆசையைப் பற்றியது. அது காகிதத்தில் அச்சிட்டு விற்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் உருவத்தைப் பற்றியது. அடையாற்றின் கதையில் பாரிஸ் அச்சுக்கூடத்துக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். 1935 டிசம்பரில் அடையாற்றில் ஒரு மேடை எழுந்தது. அந்த மேடைக்கு வந்த பாதைகளில் ஒன்று பாரிஸ் வழியாகத்தான் வந்தது.

1827 முதல் 1835 வரை பாரிஸில் ஷாப்ரலி என்ற பதிப்பாளர் ‘பிரெஞ்சு இந்தியா’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு படத்தொகுப்பைத் தவணை தவணையாக வெளியிட்டார். சோழமண்டலக் கரையிலும் மலபாரிலும் வாழ்ந்த மக்களின் தெய்வங்கள், கோயில்கள், உடைகள், முகங்கள், கருவிகள் ஆகியவற்றை வண்ணம் தீட்டிய கல்லச்சுப் படங்களாகத் தந்த பெரிய வேலை அது. படங்களுக்கு விளக்கம் எழுதியவர்கள் யூஜின் பர்னூஃப், யூஜின் ஜாக்கே என்ற இரண்டு கீழைமொழி அறிஞர்கள். பர்னூஃப் பின்னால் பிரான்சின் தலைசிறந்த சமஸ்கிருதப் பேராசிரியரானவர். பௌத்தத்தைப் பற்றி ஐரோப்பா அறிந்துகொண்டதில் பெரும்பங்கு அவருடையது. ஆனால் அவர் இந்தியாவில் காலடி வைத்ததே இல்லை.

இது முதல் முயற்சியும் அல்ல. புதுச்சேரியில் வாழ்ந்த சொன்னெரா 1782இல் பாரிஸில் வெளியிட்ட பயண நூலில் நம் ஊர்த் தொழில்களும் திருவிழாக்களும் ஆடல் மகளிரும் செப்புத்தகட்டுச் செதுக்கல்களாக இடம்பெற்றார்கள். கல்கத்தாவில் பல ஆண்டுகள் வாழ்ந்த பால்தசார் சால்வின்ஸ் என்ற ஃபிளாண்டர்ஸ் ஓவியர், 1808 முதல் 1812 வரை நான்கு பெரிய தொகுதிகளைப் பாரிஸில் அச்சிட்டார். வங்காளத்து மனிதர்களைத் தனித்தனியாக நிறுத்தி, பார்த்தபடியே வரைந்தவர் அவர். போர்க்கால பிரான்சில் அத்தனை விலையுயர்ந்த புத்தகத்தை வாங்க ஆளில்லை. போட்ட பணம் போனது. இன்று அந்த நான்கு தொகுதிகளையும் வரலாற்று ஆசிரியர்கள் பொக்கிஷமாக மதிக்கிறார்கள்.

சால்வின்ஸை முடக்கிய செலவைக் குறைத்தது கல்லச்சு. பவேரியாவைச் சேர்ந்த செனஃபெல்டர் 1790களின் கடைசியில் கண்டுபிடித்த முறை இது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு கலந்த பென்சிலால் ஓவியர் நேரடியாக வரைவார். கல்லை நீரால் நனைத்துவிட்டு மை உருளையை ஓட்டினால், ஈரம் பட்ட இடம் மையைத் தள்ளும், கொழுப்பு பட்ட கோடு மையை வாங்கிக்கொள்ளும். தகட்டில் மாதக்கணக்கில் செதுக்கும் கைவினைஞர் தேவையில்லை. 1816 வாக்கில் பாரிஸில் இதற்கென்று அச்சுக்கூடங்கள் எழுந்தன. கறுப்பு மையில் அச்சான தாள்களுக்குக் கூலியாட்கள் உட்கார்ந்து கையால் வண்ணம் பூசினார்கள். ஒரே பெண் ஒரு பிரதியில் அரக்குச் சேலையிலும் இன்னொரு பிரதியில் நீலச் சேலையிலும் நிற்பது இதனால்தான். சேலை நிறத்தை வைத்து அந்தக் காலத்து வழக்கத்தை முடிவுகட்டுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இவ்வகைப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் உருவம் ஒன்று உண்டு: நிற்கும் பெண். காலடியில் ஒரு கீற்றளவு தரை, ஓரத்தில் ஒன்றிரண்டு புல், பின்னால் வெற்றுத்தாள். ஊர் இல்லை, தெரு இல்லை, பக்கத்தில் மனிதர் இல்லை. படத்துக்குக் கீழே அவள் சாதியோ தொழிலோ எழுதியிருக்கும், பெயர் இருக்காது. தஞ்சாவூரிலும் புதுச்சேரியிலும் திருச்சியிலும் உள்ளூர் ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காகச் சாதிவாரியாகவும் தொழில்வாரியாகவும் ஆண்–பெண் படத்தொகுப்புகள் தீட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய அச்சுப் படங்கள் பலவற்றுக்கு அவையே மூலம். அந்த மூலங்களில் முகங்கள் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஆனால் நகையும் கட்டும் கையிலிருக்கும் சாமானும் பிசகாது. பாரிஸுக்குப் போனதும் உடம்பு மாறிவிடுகிறது. கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்பு அச்சுகளைப் பார்த்து வரைந்து பழகிய கை, நம் பெண்ணின் எடை முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றி, மறுகாலைத் தளர்த்தி, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. கொசுவம் ரோமாபுரி அங்கியின் மடிப்பாகிறது.

ஆடல் மகளிர் படங்களில்தான் இந்த மாற்றம் எனக்கு மிகவும் உறுத்துகிறது. பிரெஞ்சுக்காரர்கள் தேவதாசியை ‘பயதேர்’ என்று அழைத்தார்கள். பயதேரின் படத்தில் அவள் நிமிர்ந்து நிற்பாள். ஒரு கை உயர்ந்திருக்கும், ஒரு கை முந்தானையைப் பிடித்திருக்கும், பாதம் அழகாக வெளித்திரும்பியிருக்கும். நம் ஆட்டத்தின் அடவுகள் பிறப்பது அரைமண்டியில். முழங்கால்களை இரு பக்கமும் விரித்து மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முதுகை நேராக வைத்துத் தரையைத் தட்டும் அந்த நிலையில்தான் ஆடுபவளின் உழைப்பு முழுதும் இருக்கிறது. அபிநயத்துக்கு அவள் நிற்கலாம், உட்காரலாம், நிருத்தத்துக்கு அரைமண்டிதான். பாரிஸ் படங்களில் அந்த மடங்கிய முழங்காலைக் காண்பது அபூர்வம். பல ஆண்டுகள் பயின்று உடம்பில் ஏற்றிய வித்தையை நிமிர்த்திவிட்டு, அழகான ஒரு பெண் நிற்கிறாள் என்று மட்டும் படம் சொல்கிறது.

அந்த வித்தை அதே ஆண்டுகளில் எந்த உயரத்தில் இருந்தது என்று பார்த்தால் இழப்பின் அளவு புரியும். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நான்கு சகோதரர்கள் தஞ்சை அரண்மனையில் பணி செய்த காலம் அது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் சபையில் அவர்களுக்கு இடமிருந்தது. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்றைக்கும் அரங்கேற்றங்களில் நாம் பார்க்கும் வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் அவர்கள். வடிவேலு பின்னர் திருவாங்கூர் சுவாதித் திருநாளின் அவைக்குப் போனார். பாரிஸ் ஓவியர் கல்லில் ஒரு பயதேரை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்த நாட்களில், தஞ்சாவூரில் ஒரு பெண் பதவர்ணத்தை முழுதாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

பாரிஸ் நாடக மேடையும் அந்தப் படங்களையே நம்பியது. 1810இல் கத்தெல் இசையமைத்த ‘பயதேர்கள்’ என்ற இசைநாடகம் அரங்கேறியது. 1830இல் ஸ்க்ரிப் எழுதி ஒபேர் இசையமைத்த ‘தெய்வமும் பயதேரும்’ வந்தது. அதில் அந்தக் காலத்தின் மிகப் புகழ்பெற்ற பாலே நடனமணி மாரி தாக்லியோனி பயதேராக ஆடினார். இந்தியாவைப் பாராதவர்கள் எழுதி, சலங்கை கட்டாதவர்கள் ஆடி, பார்வையாளர்கள் இந்தியப் பெண்ணை அறிந்துகொண்டதாக நம்பி வீடு திரும்பினார்கள்.

1838இல் உண்மையான பயதேர்கள் பாரிஸுக்கு வந்தார்கள். தமிழ்நாட்டு வரலாற்றுப் புத்தகங்களில் இந்தப் பயணத்துக்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை என்பதால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

தார்திவேல் என்ற பிரெஞ்சு வணிகர் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டு அழைத்துப்போன குழு அது. கடலூரை அடுத்த திருவகீந்திரபுரத்தைச் சேர்ந்தவர்கள். தில்லை அம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேதம் என்று ஐந்து பேர் ஆடுபவர்கள். பிரெஞ்சுப் பத்திரிகைகள் எழுதியபடி மூத்தவரான தில்லை அம்மாளுக்கு வயது 30, அம்மணிக்கு 18, ரங்கமும் சுந்தரமும் பதின்வயதின் தொடக்கத்தில் இருந்த சிறுமிகள், வேதம் 6 வயதுக் குழந்தை. கூடவே ஆண்கள் மூவர்: நட்டுவாங்கத்துக்கு ராமலிங்கம், இசைக்கு சரவணனும் தேவநாயகமும். திருவகீந்திரபுரத்துப் பெருமாள் தேவநாதன். தேவநாயகன் என்றும் அவருக்குப் பெயர். கெடிலக் கரையிலுள்ள அந்தக் கோயிலின் மூர்த்தி பெயரைக் குழுவில் ஒருவர் சுமந்து கொண்டு பாரிஸ் வரை போயிருக்கிறார்.

போர்தோ துறைமுகத்தில் இறங்கி அவர்கள் பாரிஸ் வந்தார்கள். அரசர் லூயி பிலிப் முன்னிலையில் தூய்லரி அரண்மனையில் ஆடினார்கள். ஆகஸ்ட் மாதத்தில் வரியத்தே நாடக அரங்கில் பொதுமக்களுக்கு ஆடினார்கள். அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி அரங்குக்குப் போனார்கள். மெல்லிய துணியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சுழன்றபடியே அதை மடித்து மடித்துப் புறாவாக்கிக் காட்டும் ஆட்டம் இரண்டு நகரங்களிலும் பேசப்பட்டது. தலை சுற்றாமல் அத்தனை நேரம் சுழல்வதும் அதற்கிடையில் விரல்கள் வேலை செய்வதும் பாலேயைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புதிது.

கவிஞரும் விமரிசகருமான தியோஃபில் கோத்தியே அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கே போய்ப் பார்த்து ‘லா பிரெஸ்’ நாளிதழில் நீளமாக எழுதினார். அம்மணியின் அழகில் அவர் மனம் பறிகொடுத்தது எழுத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. தோலின் நிறத்தைப் பற்றியும் கண்களைப் பற்றியும் அவர் செலவழித்த வரிகள், தாளத்தைப் பற்றிச் செலவழித்தவற்றைவிட அதிகம். ஆனாலும் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். உடையையும் நகையையும் அவர் உற்றுப் பார்த்துக் குறித்து வைத்தார். கணுக்காலில் இறுகும் கால்சட்டை, மார்பை இறுக்கிய குட்டை ரவிக்கை, மேலே சுற்றிய துணி. பெயர்களையும் எழுதினார். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் சிதைந்திருந்தாலும், அந்தப் பெயர்கள் இருப்பதால்தான் இன்று நான் ரங்கம் என்றும் வேதம் என்றும் எழுத முடிகிறது.

அந்த வாரங்களில் பயதேர்களின் படங்கள் பாரிஸிலும் லண்டனிலும் அச்சாகி விற்றன. ஜான் ஒகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணியை ஒரு சிறு வெண்கலச் சிலையாக வார்த்தார். அதற்கு முந்திய ஆண்டில் தாக்லியோனியையும் ஃபானி எல்ஸ்லரையும் இதே அளவில் வார்த்தவர் அவர். ஐரோப்பாவின் இரு பெரும் நடனமணிகளின் வரிசையில் திருவகீந்திரபுரத்துப் பெண்ணை அவர் வைத்தார் என்பதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். பத்தாண்டுக்கு முன் வந்த கல்லச்சில் ‘பயதேர்’ என்றிருந்த இடத்தில் இந்தச் சிலைக்கு ‘அம்மணி’ என்று பெயர் இருக்கிறது. ஆடத் தெரிந்தவள் நேரில் வந்து நின்றதால் விளைந்த மாற்றம் இது.

ஐரோப்பிய மேடை அதற்குப் பிறகும் கற்பனைப் பயதேரை விடவில்லை. கோத்தியே 1858இல் ‘சகுந்தலா’ பாலேவுக்குக் கதை எழுதினார். அதற்கு நடனம் அமைத்தவர் லூசியன் பெத்திபா. அவருடைய தம்பி மாரியஸ் பெத்திபா 1877இல் ரஷ்யத் தலைநகரில் ‘லா பயதேர்’ பாலேவை உருவாக்கினார். கோயில் ஆடல்மகள் நிகியாவின் காதலும் சாவுமே கதை. 1902இல் அந்த நிகியாவாக ஆடிய இளம்பெண் அன்னா பாவ்லோவா.

இங்கேதான் கதை அடையாற்றுக்கு வருகிறது. 1920களின் இறுதியில் பாவ்லோவா தன் குழுவோடு கீழை நாடுகளைச் சுற்றியபோது, அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேலுடன் நட்பு ஏற்பட்டது. பாலே கற்க விரும்பிய ருக்மிணி தேவிக்குத் தன் குழுவின் கிளியோ நோர்டியிடம் பாடம் ஏற்பாடு செய்தார் பாவ்லோவா. கூடவே உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள் என்றும் சொன்னார். 1930களின் தொடக்கத்தில் மியூசிக் அகாதமியில் பந்தநல்லூர்ச் சகோதரிகளான ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரும் ஆடிய சதிர் என்ற தேவதாசி ஆட்டத்தைப் பார்த்தபோது, தேடியது கண்முன் இருந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆசிரியரானார்; தஞ்சை நால்வரின் வழியில் வந்தவர் அவர். 1935 டிசம்பர் 30 அன்று, பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டில், அடையாற்றில் ருக்மிணி தேவி மேடையேறினார். அடுத்த மாதம் பிறந்த நிறுவனம்தான் பின்னர் கலாக்ஷேத்ரா என்று பெயர் பெற்றது.

உடையும் அப்போதுதான் மாறியது. அடையாற்றில் இருந்த மதாம் கசான் என்ற இத்தாலியப் பெண்ணின் உதவியோடு, கோயில் சிற்பங்களைப் பார்த்து ருக்மிணி தேவி தைத்துப் போட்டுக்கொண்ட விசிறி மடிப்பு உடையே இன்று பரதநாட்டிய உடையாக உலகமெங்கும் தெரிகிறது. அதற்கு முன் தாசிகள் அணிந்தது எது என்பதற்குப் பழைய புகைப்படங்கள் ஒரு சான்று. புகைப்படத்துக்கும் முந்தைய காலத்துக்கு பாரிஸ் அச்சுப் படங்களும் கோத்தியேயின் குறிப்பும் சான்று. கால்சட்டையின் மேல் சுற்றிய கனத்த சேலை, ஒட்டியாணம், ராக்கொடி, ஜடை, புல்லாக்கு. உடம்பைக் கிரேக்கமாக்கிய அந்த ஓவியர்கள் நகையை மட்டும் அநேகமாக விட்டுவைத்தார்கள். நெற்றிச்சுட்டியிலிருந்து வகிடு வழியாகப் போகும் சங்கிலியை ஒரு பிரெஞ்சுப் பென்சில் கண்ணி கண்ணியாகப் பின்தொடர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கைக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அடையாற்றில் அதே காலத்தில் வேறொரு குரலும் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் பிறந்தவர், அவர் தாய் சந்திரம்மாள் தேவதாசிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சென்னை சட்டசபையின் துணைத் தலைவராக இருந்து, பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை நிறுத்தப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லமும், 1954இல் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையும் அடையாற்றில்தான் உள்ளன. 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் வந்தது. அரங்கில் அழகாகச் சுழன்ற 6 வயது வேதத்தை நினைத்துக்கொண்டு முத்துலட்சுமி ரெட்டியின் பேச்சுகளைப் படித்தால், அவர் எதற்காக அத்தனை கோபப்பட்டார் என்பது விளங்கும். அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள், கோயிலிலும் சரி, கப்பலிலும் சரி.

கலையை மீட்டவர் ஒருவர், பெண்களை மீட்டவர் ஒருவர் என்று இவர்களைப் பிரித்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இருவருக்கும் நடுவில் நின்ற பெண்களை இந்தப் பேச்சு மறைத்துவிடுகிறது. மயிலாப்பூர் கௌரி அம்மாள் அவர்களில் ஒருவர். கபாலீசுவரர் கோயிலில் ஆடல் ஊழியம் செய்த கடைசித் தலைமுறை; அபிநயத்தில் அவருக்கு நிகராகச் சொல்லப்பட்டவர்கள் மிகச் சிலர். நடனக் கலைஞர் பாலசரஸ்வதி அவரிடம் கற்றார். ருக்மிணி தேவியும் அவரிடம் கற்றார். சதிர் என்பது பரதநாட்டியமாகி, சபாக்களிலும் பள்ளிகளிலும் பரவி, வெளிநாடுகளுக்குப் போய், அதைக் கற்றவர்கள் புகழடைந்த ஆண்டுகளில், கோயில் ஊழியமும் அதோடு வந்த வருமானமும் கௌரி அம்மாளின் கையிலிருந்து போயின. பயதேரைப் பெயரில்லாமல் நிறுத்திய பாரிஸ் அச்சுக்கூடத்தைக் குறைசொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் நம் ஊரில், நம் காலத்தில், நம் மேடைகளில் எத்தனை நட்டுவனார்களின், எத்தனை அம்மாள்களின் பெயர் அழைப்பிதழில் அச்சாகாமல் போனது என்பதையும் இந்தத் தொடரில் எழுத வேண்டியிருக்கிறது. கௌரி அம்மாளிடம் கற்றவர்கள் சொல்லிச் சென்றவற்றைக் கொண்டு அவருக்கென்று ஒரு தனிப் பகுதி பின்னால் வரும்.

அதற்கு முன், 1935இல் மேடை போட்ட அந்தத் தோப்பு யாருடையதாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆறு கடலில் சேரும் இடத்தில், ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற பெயரில் கிடந்த அந்த நிலத்தை 1882இல் ஒரு ரஷ்யப் பெண்மணியும் ஓர் அமெரிக்கக் கர்னலும் விலைபேச வந்த கதை அடுத்த பகுதியில்.